பசைக்காரியின் நீர்யானை

பசைக்காரியின் வீட்டு இடுக்கி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நாலு பேர் பார்க்க, சமையலறை ஜன்னல் வழியாகப் பறந்து போனது. பார்த்த நாலு பேர் பசைக்காரி, அவள் கணவன், நாத்தனார், காலி சிலிண்டரை எடுக்க வந்த கேஸ்காரர். முந்தின நாள் சாயங்காலம் அவள் அந்த இடுக்கியைத் தலைகீழாக நிறுத்தி, கைப்பிடி இரண்டையும் காலாக்கி, மறையாணி இருந்த இடத்தில் சட்டைப் பித்தான் இரண்டைக் கண்ணாக ஒட்டி, பழைய காலண்டர் அட்டையில் இறக்கை வெட்டிக் கட்டி, கொக்கு என்று சொல்லி அடுப்பு மேடையில் வைத்திருந்தாள். விடியும்வரை அது சும்மாதான் நின்றது. பால் பாத்திரத்தை இறக்க நாத்தனார் கையை நீட்டியதும், ஓரடி தள்ளி நின்று, வாயை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பறந்தது. கேஸ்காரர் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரசீதை நீட்டி, "கையெழுத்து போடுங்கம்மா, இன்னும் பதினோரு வீடு இருக்கு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சூடான பாத்திரத்தைப் பழந்துணியால் பிடித்துத்தான் இறக்கினார்கள்.

அவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசைப் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். மருந்துக்கும் செருப்புக்கும் பல்புக்கும் அங்கேதான் பெட்டி. காய்ந்த பசை விரல் நுனிகளில் இரண்டாவது தோலாகப் படிந்திருக்கும்; பேசிக்கொண்டே அதை உரித்து, உரித்ததையும் உருட்டி எறும்பாக்கிவிடுவாள். கை சும்மா இருக்காது. கணவன் அதே தொழிற்சாலையில் பஞ்சிங் மெஷின் ஓட்டினான். அவர்கள் கல்யாணமே இந்தக் கைவிளையாட்டால் நடந்ததுதான். சாப்பாட்டு நேரத்தில் அவன் மேஜைமேல் கழற்றி வைத்த அடையாள அட்டையை எடுத்து, நாலு ரப்பர் பேண்டைக் காலாக மாட்டிப் பல்லியாக்கினாள். பல்லி அவன் சட்டைமேல் ஏறிக் காலருக்குள் போனது. அவன் சிரித்த சிரிப்பில் மேனேஜரே அறையை விட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அட்டையில் அவன் பெயரை வாசல் காவலாளியால் படிக்க முடியாமல் போனது. எழுத்து அப்படியேதான் இருந்தது, படிக்கத்தான் வரவில்லை. பணிக்காலம் முழுக்க அவன் தனி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனான், அதையும் பெருமையாகவே செய்தான்.

இப்படியாக ஒரு விஷயம் மெல்லத் தெரிந்தது. அவள் விளையாட்டாக்கிய பொருள் உயிர் பெற்று எழும். எழுந்ததும் தன் வேலையை மறந்துவிடும். மீனான சீப்பு எந்தத் தலையிலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆமையான அலாரம் கடிகாரம் தனக்குத் தோன்றியபோது ஏழு மணி காட்டியது. அதனால் கணவனுக்கு ஒரே மாதத்தில் இரண்டு மெமோ. வௌவாலான குடை குளியலறைக் கூரையில் தொங்கிக்கொண்டு, மழை வந்தால் தனக்கு மட்டும் விரித்துக்கொண்டது. முதல் ஒன்றிரண்டு வருஷம் கணவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். பிறகு நனைந்துகொண்டு வேலைக்குப் போனான். இடுக்கி பறந்த அன்று நாத்தனாருக்குக் கை சுட்டுவிட்டது. கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "உங்களுக்குக் கைவேலை அண்ணி. மிச்ச வேலையெல்லாம் எங்களுக்கு." கணவன் அன்று சத்தம் போடவில்லை. வீட்டில் புழங்குகிற சாமான் எதிலும் இனி கை வைக்கக் கூடாது, குப்பையில் என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள் என்று மட்டும் சொன்னான். அவளும் சரி என்றாள்.

இரண்டு வருஷம் அவள் குப்பையில் மட்டும் செய்தாள். மூடி, தீர்ந்த பேனா, கிழிந்த அட்டை, அறுந்த செருப்பு வார். குதிரை செய்தாள், ஒட்டகம் செய்தாள், ரயில் வண்டி செய்தாள். எல்லாம் அலமாரியில் வைத்தது வைத்தபடி நின்றன. குப்பைக்கு மறக்க ஒரு வேலையும் இல்லாததால் அது எழுவதில்லை என்று அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகு, இப்போதுதான் உருப்படியாகச் செய்கிறாய் என்றார்கள். அவள் அலமாரியைத் துடைக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பஞ்சிங் மெஷின் என்பது இரண்டு ஆள் உயரம். வாய் மாதிரி திறக்கும், அட்டையை உள்ளே கொடுத்துக் கையை எடுத்தால் மூடும், மூடித் திறந்தால் பெட்டிக்கான வடிவம் வெட்டி விழும். நிமிஷத்துக்கு இருபது தரம். கை உள்ளே இருந்தால் தானாக நின்றுவிட முன்னால் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. தேவையில்லாமல் மெஷினை நிறுத்துகிறது என்று மேனேஜர் அந்தக் கம்பியைக் கழற்றித் தன் அறை அலமாரிமேல் வைத்துக்கொண்டார். முதலில் ஒரு பெண்ணின் நடுவிரல் நுனி போனது. அவளை எண்ணிக்கைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த ஷிப்ட்காரர் ஒருவருக்கு மணிக்கட்டு. மூன்றாவதாக, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பல்பு அட்டை ஓடிக்கொண்டிருந்தபோது, பசைக்காரியின் கணவனுக்கு வலக்கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும். அவன் கவனக்குறைவாக இருந்தான் என்று எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்கினார். இடக்கையால் போட்ட கையெழுத்து அது. இல்லாத நாலு விரலும் அவனுக்கு வலித்தன. டாக்டர் அந்த வலிக்கு ஒரு பெயர் சொன்னார், மருந்து சொல்லவில்லை.

அவன் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தொழிற்சங்கச் செயலாளர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மனு கொடுத்துப் பாத்தாச்சு, வாசல்ல உக்காந்தும் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கலை. நீ ஒரு தடவை அந்த மெஷின்ல கை வெச்சாப் போதும்மா. அது வெட்டறதையே மறந்துடும்."

"கை வைக்க மாட்டேன்னு இவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அது வீட்டுச் சாமானுக்குத்தானே?"

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. "என்னங்க?" என்று கேட்டாள். அவன் பேசவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். அவன் காதோரம் மட்டும் லேசாக அசைந்தது. அந்த வீட்டில் அதுவரை எல்லா நல்ல காரியத்துக்கும் அவன் பேசாமல் இருப்பதுதான் சம்மதமாக இருந்தது. அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணி ஒன்றுக்கு அடிக்கும், ஒன்றரைக்கு மறுபடி அடிக்கும். அந்த அரைமணியில் அவள் செய்தாள். முதலில் ஈரத்துணியால் மெஷின் வாயின் கீல் இடுக்கைத் துடைத்தாள். கணவனின் ரத்தம் கறுத்து ஒட்டியிருந்தது, அதன்மேல் பசை பிடிக்காது. பிறகு சுருள் அட்டையை நனைத்துப் பக்கவாட்டில் தோலாக ஒட்டினாள். டேப் சுருளின் வெறும் வளையம் இரண்டு மூக்குத் துவாரம். பசை டின் நாலு பல். பிரஷ் இரண்டு காது, சணல் கயிறு வால். மேலே ஜாடி மூடிகளைக் கண்ணாக வைத்தபோது சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சுற்றி நின்றவர்களில் யாரோ, கண்ணு ரொம்பப் பெரிசு, நீர்யானைக்குக் கண்ணு சின்னது என்றார்கள். மாற்றி வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து, வேலை செய்கிற ஒரு பொருள் கையில் கிடைத்திருந்தது. விரல்கள் தாமாக ஓடின. அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்று உடனே தெரிந்தது, ஆனாலும் காது ஒட்டும்போது மறுபடி சிரிப்பு வந்தது.

ஒன்று இருபத்தைந்துக்கு நீர்யானை கொட்டாவி விட்டது. தரையோடு இறுக்கியிருந்த நாலு போல்ட்டையும் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டு நடந்தது. எலெக்ட்ரீஷியன் மெயினை அணைக்க ஓடினார், அதற்குள் அது வயரை அறுத்துவிட்டிருந்தது. பிரஷ் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்டோர் ரூமைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்றது. நூற்று நாற்பது பேரும் கை தட்டினார்கள். புதிதாக அந்த மெஷினில் உட்காரவைக்கப்பட்டிருந்த ஆள் கிட்டே போய், திறந்த வாய்க்குள் முழங்கைவரை விட்டு எடுத்தான், தோள்வரை விட்டு எடுத்தான். வாய், காற்றில் கதவு சாத்திக்கொள்வதுபோல மெல்ல மூடித் திறந்தது. அவன் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தான், கண்ணீர் வழிய வழிய. சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நீர்யானையை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்ஷூரன்ஸ் பாரத்துல இதுக்குக் கட்டம் கிடையாதே" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இருபத்து மூன்றாம் நாள் வாசலில் பூட்டுத் தொங்கியது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போகிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அங்கே புதிதாக மூன்று பஞ்சிங் மெஷின் வாங்கிப் போட்டார்கள் என்றும், குறுக்குக் கம்பியே இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. பசைக்காரி செயலாளர் வீட்டுக்குப் போனாள். அவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். புது இடத்தில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. "நாங்க ஏதோ ஆத்தாமையில பேச்சுக்குச் சொன்னோம்மா" என்றார் அவர், கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே. "நீ நெசமாவே போய்ச் செஞ்சுடறதா?"

தெருவில் பேச்சு நின்றது. அவள் கடைக்குள் போனால் உள்ளே இருந்தவர்கள் வாங்கியது போதும் என்று வெளியே வந்தார்கள். நடுவிரல் நுனி போன பெண் மட்டும் குழாயடியில் நேருக்கு நேர் நின்று சொன்னாள்: "எனக்கு விரல்தான்டி போச்சு, வேலை போகலை. நீ வந்து அதையும் முடிச்சு வெச்சே." பசைக்காரி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். நீர்யானை தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மழைநீர்ப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் கேஸ் கட்டரோடு இரண்டு தரம் வந்தார். அவர் வருகிற சத்தம் கேட்டதும் அது தண்ணீருக்குள் போய்விட்டது. மூன்றாம் தரம் அவர் வரவில்லை. வேலை இழந்தவர்கள் ஒரு குடும்பமாக, இரண்டு குடும்பமாக ஊரை விட்டுப் போனார்கள். போகிறவர்கள் பஸ் ஏறுமுன் பள்ளத்தோரம் நின்று கல்லெறிந்துவிட்டுப் போவது கொஞ்ச காலம் வழக்கமாக இருந்தது. கல் அட்டைத் தோலில் பட்டு அமுங்கி விழும். அது திரும்பிக்கூடப் பார்க்காது.

நாத்தனாரும் வேலைக்குப் போனாள், அதே தொழிற்சாலைக்கு, அந்தப் புது ஊருக்கு. பெட்டி எண்ணுகிற வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள், இப்போது மெஷினில் நிற்கச் சொல்கிறார்கள் என்று போன் செய்தாள். பசைக்காரி, நான் வேண்டுமானால் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா என்றாள். மெஷின் சத்தத்துக்கு மேலே நாத்தனார் குரலை உயர்த்தினாள்.

"அண்ணி, உங்க கால்ல விழறேன். நீங்க இந்த ஊர்ப் பக்கமே வந்துடாதீங்க."

அவளைத் தேடி வந்தது மாடி வீட்டுப் பெண் ஒருத்திதான். முந்தானைக்குள் மறைத்து ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தாள், பித்தளைப் பூண் போட்ட அகலமான பெல்ட். எதற்கு என்று பசைக்காரி கேட்கவில்லை. வந்தவள் முதுகுத் துணி ஒட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. பூணைத் தலையாக்கி, இரண்டு மிளகைக் கண்ணாக்கி, பெல்ட்டைப் பாம்பாக்கிக் கொடுத்தாள். அது வாசல் சாக்கடை வழியாக வளைந்து வளைந்து போய்விட்டது. மாடி வீட்டுப் பெண் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டாம் நாள் படியில் பார்த்தபோது அவளுக்கு ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கி, கண் மூடியிருந்தது. "என் புருஷன் பெல்ட்டைத் தேடினான். கிடைக்கலை. கையே போதும்னுட்டான்" என்றாள். அன்று பசைக்காரி செய்வதை நிறுத்தினாள். அலமாரியில் இருந்த குப்பைக் குதிரையையும் ஒட்டகத்தையும் ரயிலையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வெளியே வைத்தாள். குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போனது.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை கிடைத்தது. ஒரு விரிப்பை நாலாக மடித்துக் கையை எடுத்துவிடுவாள். ஒரு மடிப்புக் கூடினால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். முதல் மாதத்தில் ஒரு நாள் ஏதோ யோசனையில் தலையணை உறையைக் கூடுதலாக ஒரு மடிப்பு மடித்துவிட, அது முயலாகி மேஜையிலிருந்து குதித்து, ஆபரேஷன் அறை வராந்தாவரை போய்விட்டது. அதிலிருந்து கவனமாக இருந்தாள். வீட்டில் கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையைப் பார்த்துவிட்டு, அப்புறம் அவன் யார் புருஷன் என்று தெரிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். வலி வரும்போதெல்லாம் அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "நான் சரின்னு சொன்னேனா? என் வாயால சொன்னேனா?" அவள் சொல்லவில்லைதான் என்பாள். நாலு வருஷம் அந்த வீட்டில் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டை அவள் எடுக்க வந்தபோது, அவன் வலக்கையை மேஜைமேல் நீட்டி வைத்தான். கட்டைவிரலும், அதற்கு எதிரே மழுங்கிப்போன உள்ளங்கையும்.

"இதுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருக்கு. வலிக்கிற வேலை. அதை மறக்க வெச்சுடு."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "கொக்கு திரும்பி வரலை. மெஷின் திரும்பி வரலை. இதுவும் உங்ககிட்ட திரும்பி வராதுங்க."

"வந்து என்ன கிழிக்கப் போகுது?"

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"செய்" என்றான் அவன். இந்தத் தடவை வாயால் சொன்னான். "செய்யறியா இல்லையா?"

அவள் ஒரு மஞ்சள் காலுறையைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் கீழ் அலகு, உள்ளங்கை மேல் அலகு. முழங்கைவரை காலுறையை இழுத்துவிட்டு, அலகோரத்தில் சிவப்புத் துணியைத் தைத்தாள். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பித்தான். தைக்கும்போது ஊசி ஒரு தரம் அவன் தோலில் குத்தியது, அவன் கையை இழுக்கவில்லை. தலையில் மூன்று நூலைக் கொண்டையாக முடிந்து நிறுத்தினாள். அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது, தொண்டைக்குள் அடக்கிக்கொண்டாள். மாலை வெயில் மேஜைக்கு வந்தபோது வாத்து தலையைத் தூக்கியது. அறையைப் பார்த்தது. பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து, மூக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டியது.

அவன் சிரித்தான். காலருக்குள் பல்லி போன அன்று சிரித்ததுபோலச் சிரித்தான். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லையோ என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். வலி அந்த நிமிஷத்தோடு போனது. இருக்கிற விரலிலும் இல்லை, இல்லாத விரல்களிலும் இல்லை. அதற்குமுன் அந்தக் கட்டைவிரலால் டம்ளரை ஒரு மாதிரி அணைத்துப் பிடிப்பான், அது போயிற்று. வாத்து டம்ளரைத் தட்டிவிட்டு, சிந்தியதில் அலகை நனைத்துப் பார்த்தது. செய்தித்தாளைக் கிழித்தது. பஸ்ஸில் கண்டக்டர் பையிலிருந்து டிக்கெட்டை உருவியது. பத்தே நாளில் தெருவுக்கே அது செல்லமாகிவிட்டது. குழாயடியில் பேச்சை நிறுத்தியவர்கள் இப்போது வீட்டு வாசலில் நின்று வாத்தைக் கூப்பிட்டார்கள். நடுவிரல் நுனி போன பெண் தினமும் வந்து அதன் அலகைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவனிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனாள். பசைக்காரி கதவருகில் நின்றால் அந்தப் பெண்ணின் பார்வை கதவைப் பார்ப்பதுபோல அவள் மேல் பட்டுத் தாண்டிப் போகும். அவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலைகூடக் கிடைத்தது. மணியை அவன் இடக்கையால் அடிப்பான். வாத்து பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கும் என்று நினைத்துத்தான் அவனை எடுத்தார்கள், அது வரிசையைக் கலைத்துக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

வலி தவிர அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை இரண்டு பேருமே வேலையாக எண்ணியிருக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். விரல் போன பிறகும், அவளோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்த காலத்திலும், சாலை விளிம்புக்கு வந்ததும் கட்டைவிரல் தானாக வந்து அவள் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்ளும்.

வாத்து வந்த மூன்றாம் வாரம் காய்கறி வாங்கப் போனார்கள். சாலை விளிம்பில் அவள் நின்றாள், முழங்கையைக் கொஞ்சம் விலக்கிக் காத்திருந்தாள். வாத்து அந்த முழங்கையைப் பார்த்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, லாரி ஒன்று வருவதை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டது. அவனும் வாத்து பார்ப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். லாரி போனது, அவன் கடந்து போனான். அவள் இன்னும் நாலைந்து வண்டி போகும்வரை நின்றுவிட்டுப் பிறகு கடந்தாள்.

திரும்பி வரும்போது அவள் அவனுக்கு இடப்பக்கமாக மாறி நடந்தாள். இடக்கையில் காய்கறிப் பை இருந்தது. சாலை விளிம்புக்கு வந்ததும் அவள் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். கனமாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள். இப்போதும் அவர்கள் அப்படித்தான் போய் வருகிறார்கள், பை காலியாக இருக்கும் நாளிலும்.